கொத்து இறங்காத சனிக்கிழமை

ஹெர்மினாவுக்கு அறுபத்தோரு வயது. ஏரிக்கரையிலேயே பிறந்து, ஏரிக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஆனாலும் அந்த ஏரியை ஒரு தடவைகூட முழுசாகச் சுற்றி வந்ததில்லை. கோடை வந்தால் வியன்னாவிலிருந்து வருகிற தொந்திக்காரர்கள்கூடக் காலையில் சைக்கிளை எடுத்து நூற்றிருபது கிலோமீட்டரையும் சுற்றிவிடுவார்கள். சாயங்காலம் அவள் வாழ்க்கைப்பட்ட மோர்பிஷுக்கு வந்து அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, "அடேயப்பா, என்ன காத்து, என்ன காத்து!" என்று பீற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒயினை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அப்படியா? அப்படியா?" என்று கேட்டுக்கொள்வது அவள் வேலை. அப்படிக் கேட்டே முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது.

அவள் பிறந்த இல்மிட்ஸ் எதிர்க்கரையில் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் மோர்பிஷ் மேட்டுத் தோட்டத்தில் நின்றால் அந்த ஊர் மாதா கோயில் கோபுரம் தெரியும். அவள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் ஏரியை யாராலும் சுற்ற முடியாது. தெற்கு முனை ஹங்கேரிக்குள் போகிறது. அங்கே முள்வேலியும் காவல் கோபுரமும் இருந்தன, துப்பாக்கிச் சிப்பாய்கள் நின்றார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் அவள் ஏரியைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு, "ஒரு நாள் நான் இப்படி ஒரு சுத்து சுத்துவேன்" என்று சொல்லி, வாத்தியாரிடம் காதைத் திருகக் கொடுத்தாள். பிறகு வேலி போயிற்று. வேலி போய் முப்பது வருஷம் ஆகியும் வேலை மட்டும் போகவில்லை. திராட்சைக் கொடி நறுக்க வேண்டும், மருந்தடிக்க வேண்டும், பழத்தைத் தின்ன வரும் குருவிக் கூட்டத்தை விரட்ட வேண்டும், பழம் பறிக்க வேண்டும். நடுவில் பத்து வருஷம் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார். இது போதாதென்று முற்றத்துக் கடை வேறு.

ஒயின் இறக்குகிற குடும்பங்கள் வருஷத்தில் சில வாரம் தங்கள் வீட்டு முற்றத்திலேயே மேசை போட்டு, தங்கள் ஒயினையும் ரொட்டியையும் கறியையும் விற்பார்கள். வாசலுக்கு மேலே கழியில் பச்சை இலைக் கொத்து ஒன்று தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கொத்து இறங்கினால் மூடியாயிற்று. கொத்து தொங்குகிறபோது வந்த ஆளை உபசரிக்காமல் திருப்பி அனுப்பிய வீடு மோர்பிஷில் கிடையாது. அனுப்பினால் பேரன் பேத்தி காலம்வரைக்கும் ஊர் வாயை மூட முடியாது.

அந்த வருஷம் கடையின் கடைசி நாள் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அறுவடை தொடக்கம். நடுவில் சனிக்கிழமை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. அதை ஹெர்மினா எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் காஸ்பர் நல்லவன்தான். நிலவறையில் பீப்பாய்களோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசமாட்டான், அவ்வளவுதான். ஆனால் அவள் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் தீயணைப்புக் குழு நண்பர்கள் நடுவில் வாய் விட்டிருக்கிறான். "போவா, போவா. பொடர்ஸ்டார்ஃப் வரைக்கும் போவா. அங்க ஒரு காப்பி குடிப்பா. அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு சந்தேகம் வரும். திரும்பிடுவா." அது அவள் காதுக்கு வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"திரும்பறேனா பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டுதான் அவள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சைக்கிளை எடுத்தாள்.

துணைக்கு காஸ்பரின் தங்கை ரோஸ்வீதா வந்தாள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், வாய் மட்டும் இரண்டு குடும்பத்துக்குக் காணும். அவளுடையது பேட்டரி சைக்கிள்.

"அண்ணி, இதைப் பாரு, பெடலே மிதிக்க வேண்டாம், சும்மா கால் வச்சா போதும்" என்று ரஸ்ட் ஊர் வருவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

"அப்போ நீ சவாரி போகலேடி. உன்னை அது இழுத்துக்கிட்டுப் போகுது."

"பொறாமை, பொறாமை!"

வடக்கிலிருந்து காற்று முகத்தில் அறைந்தது. ஆனாலும் ஹெர்மினாவுக்குச் சிரிப்பாக வந்தது. இடது பக்கம் பழம் கனத்த தோட்டங்கள், வலது பக்கம் ஆள் உயர நாணல். எங்கோ குருவிகளை விரட்டும் வேட்டு டமார் என்று வெடித்தது. அது தன் தோட்டமல்ல, தான் ஓட வேண்டியதில்லை என்று நினைத்தபோதே கால்களில் புதுத் தெம்பு ஏறிற்று.

பூர்பாக் ஊரைத் தாண்டும்போது போன் அடித்தது.

"ஹெர்மினா, முற்றத்துல எட்டுப் பேர் உட்கார்ந்திருக்காங்க" என்றான் காஸ்பர்.

"எதுக்கு?"

"ஒயின் குடிக்க."

"கடைதான் நேத்தோட முடிஞ்சுதே!"

"கொத்து தொங்குதே."

ஹெர்மினா சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டாள். "கொத்தை நீ இறக்கலையா?"

"நீ இறக்கிட்டேன்னு நினைச்சேன்."

"நான் என்னிக்குய்யா இறக்கியிருக்கேன்? ஏத்தறது நீ, இறக்கறது நீ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தானே?"

"நேத்து ராத்திரி நீ ஏணியைத் தூக்கிட்டுப் போனதைப் பார்த்தேனே!"

"அது பரண்ல இருந்த சைக்கிள் பையை எடுக்கறதுக்கு!"

ஹெர்மினா, "சரி, இப்பவாவது போய் இறக்கு" என்றாள்.

"எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கறப்ப அவங்க தலைக்கு மேல ஏணி வச்சு ஏறி இறக்கறதா? பந்தியில உட்கார்ந்தவனை எழுப்பற மாதிரி. எங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவார்."

அது உண்மைதான். "நிலவறைப் படிக்கட்டுல மண் ஜாடியில பாலாடைக்கட்டி இருக்கு. அலமாரியில பாதி ரொட்டி இருக்கு. வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜன்னல்ல. அந்த எட்டுப் பேர் எழுந்ததும் கொத்தை இறக்கிடு" என்று சொல்லி போனை வைத்தாள்.

ரோஸ்வீதாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. "எங்கண்ணனா? ரொட்டி வெட்டறானா? அவன் ரொட்டி வெட்டினா வீடு கட்டலாம் அண்ணி!"

ஹெர்மினாவும் சிரித்தாள். ஆனால் மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தபோது மனசு முற்றத்திலேயே நின்றது. தட்டுகள் எந்த அலமாரியில் என்று அவனுக்குத் தெரியுமா? நாப்கின்? சோடா? இப்படியே யோசித்து யோசித்து நோய்சீட்ல் ஊர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அங்கே ஏரியின் வடக்கு முனை. இனி தெற்கே போக வேண்டும். அதுவரை எதிரியாக இருந்த காற்று முதுகுக்கு வந்து தள்ள ஆரம்பித்தது. ரோஸ்வீதா பின்னால் தங்கிவிட்டாள். ஹெர்மினா முதல் தடவையாக வாய் விட்டுப் பாடினாள். பாட்டுக்கும் ராகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எதிரே வந்த ஒரு ஜோடி அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டது.

பொடர்ஸ்டார்ஃபில் அவள் காப்பி குடிக்கவில்லை. வேண்டுமென்றேதான். தண்ணீர் குடித்தாள். அப்போது இரண்டாவது போன்.

"அந்த எட்டுப் பேர் எழுந்துட்டாங்க" என்றான் காஸ்பர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்பாடா. கொத்தை இறக்கினியா?"

"ஏணி எடுக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தா வாசல்ல பஸ் நிக்குது. கிராட்ஸ் நகரத்துலேர்ந்து ஓய்வூதியக்காரங்க. நாற்பது பேர். பாதிப் பேர் உட்கார்ந்தாச்சு."

"அட தெய்வமே!"

"ரொட்டி காலி. பக்கத்து வீட்ல கடன் வாங்கினேன். பாலாடைக்கட்டி காலி."

"திங்கட்கிழமை அறுவடை ஆளுங்களுக்குன்னு புகைபோட்ட கறி வச்சிருக்கேன். அதை மட்டும் தொட்டுடாதே."

"எந்தக் கறி?" என்றான் காஸ்பர்.

அந்தக் குரலிலேயே கறி போய்ச் சேர்ந்துவிட்டது தெரிந்தது.

"ஹெர்மினா, என்னால முடியலை. எல்லாரும் முட்டை தடவின ரொட்டிதான் வேணுங்கறாங்க. எனக்கு முட்டையை உடைக்கத்தான் தெரியும். மூணு மணிக்கு இல்மிட்ஸ்லேர்ந்து படகு இருக்கு. சைக்கிளோட ஏறிடு. அரை மணியில வீட்டுக்கு வந்துடலாம்" என்றான். பிறகு, கொஞ்சம் தணிந்து, "அடுத்த வருஷம் முழுசா சுத்திக்கோயேன்" என்றான்.

அடுத்த வருஷம். அந்த வார்த்தையை முப்பது வருஷமாகக் கேட்டவள் அவள். சொன்னது பெரும்பாலும் அவளேதான் என்பதுதான் இதில் வேதனை. காஸ்பர் ஒரு நாளும் போகாதே என்று தடுத்ததில்லை. போ என்று சொன்னதும் இல்லை.

இல்மிட்ஸ் படகுத்துறைக்கு அவர்கள் வந்தபோது மணி இரண்டே முக்கால். படகு நின்றிருந்தது. படகோட்டி வென்டலின் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவள் காதை வாத்தியார் திருகியபோது பக்கத்தில் இருந்து இளித்தவனும் அவன்தான்.

"வா, வா, மோர்பிஷ்காரி! உன் வீட்ல இன்னிக்கு மாதா கோயில் திருவிழாவாமே? மத்தியானம் அக்கரையில ஏறினவங்க எல்லாம் உன் புருஷனைப் பத்தித்தான் பேச்சு. இடுப்புல உன் ஏப்ரனைக் கட்டிக்கிட்டு நிக்கறானாம்!"

"கேலி பண்ணாதே வென்டலின்."

"ஏறு, ஏறு. அஞ்சு நிமிஷத்துல கிளம்பறேன். இனிமே ஹங்கேரிப் பக்கம் அம்பது கிலோமீட்டர். மேடு வேற. உன் வயசுக்கு வேண்டாம்."

"உன் வயசும் அதேதான்."

"அதான் படகு ஓட்டறேன்!"

ரோஸ்வீதா ஏற்கெனவே பலகையில் சைக்கிளை ஏற்றியாயிற்று. "அண்ணி, என் பேட்டரியில ஒரு கோடுதான் இருக்கு. என் பின்பக்கத்துல அதுவும் இல்லை. நான் போறேன். சமையலறையை நான் பார்த்துக்கறேன். நீ உன் இஷ்டம்."

ஹெர்மினா முன்சக்கரத்தைப் பலகையில் வைத்தாள். எதிர்க்கரையில் மோர்பிஷ் மேடு தெரிந்தது. அரை மணி நேரம். போனதும் ஏப்ரனைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டால் பத்து நிமிஷத்தில் நாற்பது பேரையும் அடக்கிவிடுவாள். எல்லாரும் பாராட்டுவார்கள். காஸ்பர் நிலவறைக்கு ஓடிவிடுவான். திங்கட்கிழமை அறுவடை. அடுத்த வருஷம் அறுபத்திரண்டு. அதற்கடுத்த வருஷம் அறுபத்திமூன்று, முழங்கால் என்ன சொல்கிறதோ. ஏரியின் பாதி சுற்றியவள் என்று ஒரு பட்டம் உண்டா? பாதி சுற்றியதற்குப் பெயர் போய்விட்டுத் திரும்பியது. அவ்வளவுதான்.

அவளுக்கு அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது, தன் மேலேயே. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

"என்னடி?" என்றான் வென்டலின்.

"நீ கிளம்பு."

படகு கிளம்பியது. ரோஸ்வீதா பின் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். ஹெர்மினா போனை எடுத்தாள்.

"காஸ்பர், நான் படகுல வரலை. சுத்தித்தான் வரேன். ஏழு மணியாகும்."

அந்தப் பக்கம் நாற்பது பேரின் இரைச்சல் கேட்டது. திட்டப்போகிறான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் கேட்டான்.

"முட்டை எத்தனை நிமிஷம் வேகணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பத்து நிமிஷம். பச்சைத் தண்ணியில போட்டு உரி. பொடியா நறுக்கு. கொஞ்சம் கடுகு விழுது, கொஞ்சம் பாலேடு, வெங்காயத்தாள். கையால பிசையாதே, முள்கரண்டியால மசி. ரோஸ்வீதா வரா, அவளைக் கேளு."

"ரோஸ்வீதா வேண்டாம்" என்றான் காஸ்பர். "அவ வந்தா என்னை ஏப்ரனோட போட்டோ எடுப்பா. நானே பார்த்துக்கறேன். நீ போ."

போ என்றான். அவள் அதைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு மிதித்தாள்.

அபெட்லான், பம்ஹாகன். எல்லையில் ஆளே இல்லை. ஒரு பழைய காவல் குடிசையில் பூனை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. முள்வேலி இருந்த இடத்தில் சோளம் நின்றது. அவள் இறங்கவில்லை. இறங்கினால் ஏறமாட்டோம் என்று தெரியும். ஃபெர்ட்டோட் ஊரில் எண்ணெயில் பொரித்த பூண்டு ரொட்டி ஒன்றை நின்றபடியே தின்றாள். ஹங்கேரி மொழியில் அவளுக்கு மூன்றே வார்த்தைகள் தெரியும்: வணக்கம், நன்றி, ஒரு கெட்ட வார்த்தை. முதல் இரண்டையும் ரொட்டி விற்றவளிடம் செலவழித்தாள். மூன்றாவதை பால்ஃப் மேட்டுக்கு வைத்துக்கொண்டாள்.

அந்த மேட்டில் அது தேவைப்பட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற மாதிரி ஒரு ஏற்றம். பாதியில் இறங்கித் தள்ளினாள். தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரும் அவர் மனைவியும் அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கை நிறைய கறுப்புத் திராட்சையைக் கொண்டு வந்து அவள் சைக்கிள் பையில் போட்டார்கள். அவள் ஒரு குலையை அங்கேயே தின்று தீர்த்தாள். மோர்பிஷ் பழத்தைவிட இனிப்பாக இருந்தது. காஸ்பரிடம் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஃபெர்ட்டோராகோஷ் தாண்டியதும் காட்டுப் பாதை. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் மரங்கள் விலகின. கீழே மோர்பிஷ் ஓடுகள் தெரிந்தன. இந்தப் பக்கத்திலிருந்து அவள் தன் ஊருக்குள் நுழைந்ததே இல்லை. சிறு வயதில் விரலால் போட்ட வட்டத்தின் இரண்டு முனையும் சேரப் போகின்றன என்று நினைத்ததும், அந்தக் காட்டில் தனியாக, "ஹோ!" என்று கத்தினாள். ஒரு முயல் ஓடிற்று.

தெருவில் இறங்கியதும் முதலில் பஸ்தான் கண்ணில் பட்டது. ஐந்து மணிக்கே போயிருக்க வேண்டிய பஸ். ஓட்டுநர் படியில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து முற்றத்துப் பக்கம் திரும்பிக் கத்தினான். "வந்தாச்சு! வந்தாச்சு!"

முற்றத்தில் ஒரே கைதட்டல். ஹெர்மினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கமாக ஒயின் விலை எழுதுகிற கரும்பலகையில் விலையைக் காணோம். காஸ்பரின் கோணல் எழுத்தில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. இல்மிட்ஸ் மூன்று மணி. அபெட்லான் மூன்றரை. பம்ஹாகன் நாலு. ஒவ்வொரு ஊரிலும் தெரிந்தவன், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் என்று ஒருவன் விடாமல் போன் போட்டு, "என் பொண்டாட்டி தாண்டிட்டாளா, நீலச் சட்டை, பழைய சைக்கிள்" என்று விசாரித்திருக்கிறான். பீப்பாயோடு மட்டும் பேசுகிறவன்!

"மணிக்கு ஒரு தடவை எங்களுக்கு அறிவிப்பு பண்ணினார்மா" என்றார் ஒரு கிராட்ஸ் கிழவர். "பால்ஃப் மேட்டுல உங்களைக் காணோம்னதும் அவர் ஒயினை மேசை மேல ஊத்திட்டார். உங்களைப் பார்க்காம எப்படிக் கிளம்பறது?"

ரோஸ்வீதா மூலையில் ஒரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, கையில் கோப்பையோடு இருந்தாள். "என்னைப் பார்க்காதே அண்ணி. சமையலறைப் பக்கம் போனேன், கரண்டியைத் தூக்கிக்கிட்டு அடிக்க வந்தான்."

காஸ்பர் உள்ளேயிருந்து வந்தான். இடுப்பில் ஏப்ரன், மீசையில் முட்டை. மனைவியைப் பார்த்தான். "இடமில்லை, அந்தப் பெஞ்சுல நெருக்கி உட்காரு" என்றான்.

அவள் ஓய்வூதியக்காரர்கள் நடுவில் நெருக்கி உட்கார்ந்தாள். அவன் அவள் முன்னால் பலகைத் தட்டை வைத்தான். செங்கல் கனத்துக்கு ரொட்டி, மேலே முட்டை. பக்கத்தில் ஒரு கோப்பை வெள்ளை ஒயின். முப்பத்தெட்டு வருஷமாக இந்த முற்றத்தில் இப்படி ஆயிரக்கணக்கான தட்டு அவள் கையால் போயிருக்கிறது. அவளுக்கு முன்னால் வந்து இறங்கியது இதுதான் முதல் தட்டு. அவள் ஒரு கடி கடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் காஸ்பர். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனைப் போல நின்றான். சுற்றிலும் இருந்த நாற்பது பேரும் திடீரென்று பேச்சை நிறுத்தி, அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"உப்பில்லை" என்றாள் ஹெர்மினா.

"சொல்லிட்டா! அப்பாடா, சொல்லிட்டா!" என்று ரோஸ்வீதா மேசையைத் தட்டினாள். "இத்தனை பேரும் மத்தியானத்துலேர்ந்து வாயை மூடிக்கிட்டுத் தின்னுக்கிட்டிருக்கோம்!"

முற்றமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. காஸ்பர் காதுவரை சிவந்து போனான்.

"நீ உப்புன்னு சொல்லவே இல்லையே!"

"உப்பைப் போய் யாராவது சொல்வாங்களா?" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண்ணில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. தட்டைக் காலி செய்து அவனிடம் நீட்டினாள். "இன்னொண்ணு கொண்டா. இதே மாதிரி."

அவன் தட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்த நடையாக உள்ளே போனான். சற்று நேரத்தில் சமையலறையில் என்னவோ விழுந்து சுக்குநூறாக உடையும் சத்தம் கேட்டது. எல்லாரும் ஹெர்மினாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹெர்மினா ஒயினை எடுத்து ஒரு வாய் குடித்தாள். எழுந்திருக்கவில்லை.